நாலு பேருக்கு ஒரு கண்ணாடி: செட்டிநாட்டில் குழுவாகக் கண்ணாடி ஓவியம்

அலுவலகக் குழுவைக் காரைக்குடிப் பக்கம் கூட்டிவந்து கண்ணாடி ஓவியம் போடவைப்பவர்கள் பெரும்பாலும் ஆளுக்கொரு கண்ணாடி கொடுத்துவிடுகிறார்கள். 16 பேரும் குனிந்த தலை நிமிராமல் 16 மயில் வரைந்துவிட்டுக் கிளம்புவார்கள். நாலு பேருக்கு ஒன்று போதும். ஓர் அடுக்கு முடிந்ததும் கண்ணாடி அடுத்த மேசைக்கு நகர வேண்டும்.

பின்பக்கம் தீட்டி முன்பக்கம் பார்க்கிற ஓவியம் இது. ஆகவே காகிதத்தில் கடைசியாக வருவது இங்கே முதலில் வரும்: கோடு, நகைப் புள்ளி, நிழல், பிறகு வண்ணம், கடைசியில் பின்னணி. கண் வரைந்தால் கருமணி முதலில், வெள்ளை அதன் மேல். ஆத்தங்குடிக் கல், அதாவது பூப்போட்ட தரைக்கல், செய்கிறவர்களின் கணக்கும் இதுதான். கண்ணாடிப் பலகை மேல் முதலில் வண்ணச் சிமென்ட் பூ, அதற்குப் பின்னால்தான் மணலும் சிமென்ட்டும். காலையில் ஒரு மணி நேரம் அந்தப் பட்டறையைக் காட்டிவிட்டால் பாதி விளக்கம் மிச்சம். மாதிரிக்கும் அந்தப் பூவையே எடுங்கள். இடவலம் ஒன்றாக இருப்பதால் இடம் வலமாக மாறுகிற குழப்பம் வராது. சாமி முகம் முதல் நாளுக்கு வேண்டாம். எழுத்து சேர்த்தால் வரைபடத்தைத் திருப்பிப் போட்டு நகலெடுங்கள்.

16 பேருக்கு 12க்கு 16 அங்குலத்தில் 3 மி.மீ. சாதாக் கண்ணாடி 5, ஒன்று உபரி. விளிம்பைக் கடையிலேயே தேய்த்து வாங்கி, சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அக்ரிலிக் வண்ணம், 0, 2, 6 எண் தூரிகைகள், காது துடைக்கும் பஞ்சுக் குச்சி, பிளேடு, சர்ஜிக்கல் ஸ்பிரிட், தங்க நிறத் தாள். எனாமல் பளபளப்பு நன்றாக இருக்கும், ஆனால் ஒவ்வோர் அடுக்கும் காயப் பல மணி நேரம் பிடிக்கும். ஒரு நாள் பட்டறைக்குக் கட்டுப்படியாகாது.

மேசைகளை வளவின், அதாவது செட்டிநாட்டு வீட்டு நடுப்பகுதியின், திறந்த முற்றத்தில் போடாதீர்கள். வெயிலில் வண்ணம் தூரிகையிலேயே காய்ந்துவிடும். சுற்றியுள்ள தாழ்வாரம் சரி. மேசையில் வெள்ளைத் தாள், அதன் மேல் வரைபடம், அதன் மேல் கண்ணாடி. சோப்பு நீரில் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்த பிறகு விளிம்பைத் தவிர எங்கும் கை படக்கூடாது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் இதுதான் பெரிய தொல்லை: வறுவல் சாப்பிட்ட விரல் பட்ட இடத்தில் வண்ணம் ஒட்டாமல் முத்து முத்தாகத் திரளும். எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே மேசைக்கு வரட்டும்.

நாலு மேசை, மேசைக்கு ஒரு கண்ணாடி, நாலு அடுக்கு. முதல் சுற்று கோடு, இரண்டாவது புள்ளியும் நிழலும், மூன்றாவது வண்ணம், நாலாவது பின்னணி என்று ஒவ்வொரு கண்ணாடியும் எல்லா மேசையையும் சுற்றி வரும். அடுக்குக்கு 40 நிமிடம், காய அரை மணி. மேலாளரிடம் கோட்டு வேலையைக் கொடுக்க வேண்டாம். கோணலாகப் போனாலும் சொல்ல யாருக்கும் வாய் வராது.

காய்ந்த கோட்டின் மேல் தூரிகையை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். திரும்பத் திரும்பத் தேய்த்தால் கீழ் அடுக்கு உரிந்து வரும். வண்ணத்தில் தண்ணீர் அதிகமானாலும் அது பிடிக்காமல் உரியும். முன்பக்கம் எப்படி இருக்கிறதென்று பார்க்க ஈரக் கண்ணாடியைத் தூக்காதீர்கள்: இரண்டு செங்கல் மேல் வைத்து, அடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துவைத்தால் தெரிந்துவிடும். தவறை அந்த அடுக்கிலேயே பிளேடால் சுரண்டிவிட வேண்டும். அடுத்த அடுக்கு ஏறிவிட்டால் பிழை உள்ளே மாட்டிக்கொள்ளும், முன்பக்கம் நன்றாகவே தெரியும். வாங்குகிற மேசை சரிபார்க்காமல் வாங்கக் கூடாது என்று விதி வையுங்கள். பட்டறையின் மொத்தப் பயனும் அந்த இரண்டு நிமிடப் பேச்சில் இருக்கிறது.

வண்ணம் முடிந்ததும் வெளிச்சத்தில் பிடித்து, ஊசித்துளை தெரிகிற இடத்தில் இன்னொரு பூச்சுக் கொடுங்கள். தங்க நிறத்துக்கென்று பூசாமல் விட்ட இடங்களுக்குப் பின்னால் தங்கத் தாளைக் கசக்கி, விரித்து வைக்க வேண்டும். பளபளக்கும் பக்கம் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். மாற்றி வைப்பவர்களே அதிகம். அன்றே சட்டம் போட்டு மூடினால் ஈரம் உள்ளே தங்கி வண்ணம் பலகையில் ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, மறுநாள் பின்பலகை வைத்து அடிக்கச் சொல்லுங்கள்.