பீட்டில் பெட்டிக்குள்ள ஒரு அம்பாசிடர்: ஒரே லெகோ செட்ல வேற கார் டிசைன் பண்றது எப்படி

லெகோ (பிளாஸ்டிக் பீஸ்கள இணைச்சுக் கட்டற விளையாட்டு) செட் நம்பர் 10252, 2016ல வந்த வோக்ஸ்வேகன் பீட்டில் செட், மொத்தம் 1167 பீஸ். கட்டி ரொம்ப நாள் ஷெல்ஃப்ல வச்சிருந்தேன், அப்புறம் ஒருநாள் மொத்தத்தையும் பிரிச்சுப் போட்டு அதே பீஸ்லயே ஒரு அம்பாசிடர் கட்டினேன், வெளியிலேருந்து ஒரு பீஸ்கூட சேர்க்கல. வெட்டறது, ஒட்டறது, பெயின்ட் அடிக்கறது எதுவும் இல்ல. பெட்டில எக்ஸ்ட்ராவா வர்ற குட்டிப் பீஸ்களக்கூட நான் கணக்குல எடுத்துக்கல, ஏன்னா அதே செட் வச்சிருக்கற இன்னொருத்தர் என் மாடல அப்படியே கட்டிப் பாக்க முடியணும், அதுதான் இந்த விளையாட்டோட நியாயம்.

முதல் விஷயம், எந்தக் கார்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் பீஸ் தேடாதீங்க. கையில என்ன இருக்குங்கறதுதான் கார முடிவு பண்ணணும். பீட்டில் செட்ல இருக்கறது எல்லாம் உருண்டையான பாடிக்கான வளைஞ்ச பீஸ், இதுல போய் மாருதி 800 மாதிரி பெட்டி கார் கட்டினா அவ்வளவு நல்ல வளைவும் வீணாப்போகும். அம்பாசிடர் அப்படி இல்ல, பழைய மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் டிசைன்லேருந்து வந்து 2014 வரைக்கும் ஓடின கார், பானெட்டு, மட்கார்டு, ரூஃபு எல்லாமே உருண்டை. மனசுல வேற ரெண்டு மூணு கார் இருந்துச்சு, ஆனா பீஸ பரப்பி வச்சுப் பாத்ததும் அம்பாசிடர்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுது.

அடுத்தது ஸ்கேல். இத டயர்தான் சொல்லும். ஒரு பிளேட் (மெல்லிசான தட்டைப் பீஸ்) இல்லன்னா வேற பிளேட் வச்சு சமாளிக்கலாம், ஆனா டயர் சைஸ மாத்தவே முடியாது, செட்ல இருக்கறது அந்த ஒரு சைஸ்தான். அதனால பக்கவாட்டுல எடுத்த ஒரு நல்ல போட்டோவ எடுத்து, டயர் விட்டத்த விட வீல்பேஸ் (முன் சக்கர நடுவுலேருந்து பின் சக்கர நடுவு வரைக்கும் உள்ள தூரம்) எத்தனை மடங்குன்னு ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க, அந்த மடங்கு உங்க செட் டயருக்கும் சரியா வரணும். பீட்டில் செட் 29 செ.மீ. நீளம், நிஜ பீட்டில் சுமார் 4.07 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 14ல ஒரு பங்கு. அதே கணக்க அம்பாசிடருக்குப் போட்டா வீல்பேஸ் 2464 மி.மீ., 14ஆல வகுத்தா 176 மி.மீ., ஒரு ஸ்டட், அதாவது பீஸ் மேல இருக்கற குமிழ், ஒண்ணுக்கு 8 மி.மீ. எடம், ஆக சரியா 22 ஸ்டட். இந்தக் கணக்கு வந்தப்போ எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு சொல்லி முடியாது. நீளம் 38லேருந்து 39 ஸ்டட் வரும், நான் 38 எடுத்தேன். அகலம்தான் தொல்லை, 15 ஸ்டட் கிட்ட வருது, ஒத்தைப்படை. அதுக்கு பாடிய 14 ஸ்டட்ல கட்டிட்டு, மட்கார்டு மட்டும் ரெண்டு பக்கமும் அரை ஸ்டட் வெளிய நீட்டற மாதிரி ஜம்பர் பிளேட் (ஸ்டட்ட அரை எடம் தள்ளி வைக்க உதவற பீஸ்) வச்சேன். நிஜ கார்லயும் மட்கார்டு கொஞ்சம் புடைச்சுக்கிட்டுதானே இருக்கும், அதனால பாக்கவும் நல்லா இருந்துச்சு.

இப்போ பீஸப் பிரிக்கறது. நிறத்த வச்சுப் பிரிக்காதீங்க, ஒரே நீலக் குவியல்ல குட்டி ஸ்லோப்ப (சரிவான பீஸ) தேடினா கண்ணு வலிதான் மிச்சம். வடிவத்த வச்சுப் பிரிங்க, வளைவு ஒரு தட்டு, டைல் (மேல ஸ்டட் இல்லாத வழுவழுப்பான பீஸ்) ஒரு தட்டு, பிராக்கெட் மாதிரி பக்கவாட்டுல ஸ்டட் இருக்கற பீஸ் எல்லாம் ஒரு தட்டு. அப்புறம் ஒரு பேப்பர்ல வெளிய தெரியற நீல வளைவு பீஸ் எந்த சைஸ்ல எத்தனைன்னு எழுதுங்க. ரீபிரிக்கபிள் தளத்துல செட் நம்பர போட்டா மொத்த லிஸ்ட்டும் வந்துரும், ஆனா கையால எண்ணினாதான் மனசுல தங்கும்ங்கறது என் அனுபவம். எண்ணும்போது ஒண்ண கவனிங்க, காருக்கு ரெண்டு பக்கம் இருக்கு, ஒரு பீஸ் 7 இருந்தா பக்கவாட்டுக்கு அது 6தான். மிச்சம் இருக்கற ஒண்ணு நடுக்கோட்டுல, அதாவது கிரில்லு, பானெட் நடு, நம்பர் பிளேட் மாதிரி எடத்துல மட்டும்தான் உதவும்.

பட்ஜெட் போடற எடம்தான் டிசைனோட உயிரே. அம்பாசிடர அம்பாசிடரா காட்டறது எது? நடுவுல உயர்ந்து நிக்கற பானெட், அதுக்கும் மட்கார்டுக்கும் இடையில ஓடற அந்தப் பள்ளம், மட்கார்டு முனையில உருண்டை ஹெட்லைட், பின்னாடி கதவ ஒட்டி புடைச்சுக்கிட்டு வர்ற பின் மட்கார்டு. நல்ல வளைவு பீஸ் எல்லாத்தையும் இந்த நாலு எடத்துக்கு ஒதுக்கிடுங்க. கதவு பிளாட்டா இருந்தா யாரும் கேக்கமாட்டாங்க, பானெட் பிளாட்டா இருந்தா அது அம்பாசிடரே இல்ல. நான் முதல்ல ரூஃப்ல ஆரம்பிச்சு வளைவு எல்லாத்தையும் அங்கயே செலவு பண்ணிட்டேன், மூக்குக்கு வந்தப்போ ஒண்ணுமே இல்ல, ரெண்டு நாள் வேலைய பிரிக்க வேண்டியதாப் போச்சு. அதனால முகத்துலேருந்து ஆரம்பிங்க. சேஸிஸ்கூட அப்புறம்தான், ஏன்னா உள்ள மறையற எடத்துக்கு எந்த நிறமும் எந்த சைஸும் ஓடும், அதுக்குக் கடைசியிலகூட வழி கிடைக்கும்.

கண்ணாடியும் டயர் மாதிரிதான், மாத்து கிடையாது. முன் கண்ணாடி எத்தனை ஸ்டட் அகலமோ அதுக்கு ஏத்த மாதிரிதான் கேபின் அகலம், ரூஃப் அகலம் எல்லாம். அத முதல்ல வச்சுட்டு சுத்தி கட்டுங்க.

பக்கவாட்டுல திருப்பிக் கட்டறதுக்கு ஒரு கணக்கு மனப்பாடமா இருக்கணும், பிளேட் உயரம் 3.2 மி.மீ., 5 பிளேட் அடுக்கினா 16 மி.மீ., அதாவது சரியா 2 ஸ்டட். கிரில்ல அப்படியே படுக்க வச்சுக் கட்டறப்போ இந்த 5க்கு 2 கணக்கு சரியா வந்தா இடுக்கு இல்லாம உக்காரும். பிராக்கெட்டோட நிக்கற பக்கம் அரை பிளேட் கனம்தான், அந்த 1.6 மி.மீ.ய மறந்தா மட்கார்டுக்கும் பாடிக்கும் நடுவுல முடி அளவு இடைவெளி தெரியும், நானெல்லாம் அத பாத்துட்டு தூங்கவே மாட்டேன்.

பீட்டில்ல ரெண்டு கதவுதான், அம்பாசிடர்ல நாலு. கீல் பீஸ் பத்தாது, அதனால முன் கதவு ரெண்டும் தெறக்கும், பின் கதவு ரெண்டும் ஃபிக்ஸ்டு, டைல் கோடும் ஒரு கைப்பிடியும் வச்சா கதவுன்னு தெரியும். பீட்டிலுக்கு இன்ஜின் பின்னாடி, அம்பாசிடருக்கு முன்னாடி, அதனால பின்னாடி இருந்த இன்ஜின் பீஸெல்லாம் பானெட்டுக்குக் கீழ வந்துச்சு, முன்னாடி மூடிக்குள்ள இருந்த ஸ்டெப்னி டிக்கிக்குப் போச்சு. பீஜ் கலர் சீட் பீஸ சேத்து முன்னாடி ஒரே நீள பெஞ்ச் சீட்டாக்கினேன், பழைய வண்டில டிரைவர் பக்கத்துல ரெண்டு பேர் உக்காருவாங்களே அது. ரூஃப் ரேக்க, செட்ல அதுமேல வர்ற சர்ஃப் போர்டு இல்லாம வச்சா அச்சு அசல் நம்ம கேரியர், கல்யாண வீட்டு சாமான் கட்டிட்டுப் போற வண்டி கண்ணு முன்னாடி வந்து நிக்கும். சர்ஃப் போர்டும் இன்னும் கொஞ்சம் பீஸும் மிச்சமாச்சு, எல்லாத்தையும் உபயோகிச்சே ஆகணும்னு எங்கயாவது திணிக்காதீங்க.

கையால ஒரு ரஃப் மாடல் நின்னதும் கம்ப்யூட்டருக்குப் போங்க. பிரிக்லிங்க் ஸ்டுடியோ ஃப்ரீதான், அதுல செட் நம்பர இம்போர்ட் பண்ணினா அந்த செட் பீஸ் மட்டும் எண்ணிக்கையோட வரும், வைக்க வைக்க எத்தனை மிச்சம்னு தெரியும். நேரா கம்ப்யூட்டர்ல ஆரம்பிக்க நான் சொல்லமாட்டேன், ஸ்க்ரீன்ல புவியீர்ப்பு கிடையாது, காத்துல நிக்கற மட்கார்டெல்லாம் அங்க அழகா இருக்கும், கையில எடுத்தா விழும். முடிஞ்சதும் ரூஃப மட்டும் பிடிச்சுத் தூக்கிப் பாருங்க, அப்புறம் பம்பர பிடிச்சு. எங்க பிரியுதோ அங்க ரெண்டு பிளேட்டோட இணைப்பும் ஒரே கோட்டுல இருக்கும், செங்கல் சுவர் மாதிரி மேல் வரிசைய மாத்திப் போடுங்க, நிக்கும்.

கடைசியா ஸ்டெப் ஸ்டெப்பா இன்ஸ்ட்ரக்ஷன் போட்டு, மாடல மொத்தமா பிரிச்சு, இன்னொருத்தர் கையில குடுங்க, நீங்க வாயே தெறக்கக்கூடாது. என் அக்கா பையன் ஹெட்லைட் ஸ்டெப்ல மாட்டிக்கிட்டான், பிராக்கெட்ட எந்தப் பக்கம் திருப்பணும்னு படத்துல தெரியல, அவன் தலைகீழா வச்சு அழுத்திக்கிட்டே இருந்தான். அன்னிக்கு ராத்திரியே அந்த ஸ்டெப்ப மூணா பிரிச்சு, பின்பக்கத்துலேருந்து ஒரு படம் சேர்த்தேன்.