டர்போ வண்டிக்குச் சாதா பிளாக்: வாங்கும் முன்பும் பூட்டும் முன்பும் பார்க்க வேண்டியவை

டர்போ வண்டியின் பிளாக் (சிலிண்டர்கள் அமைந்த இன்ஜின் உடல்) விரிசல் விட்டதும், பெங்களூரில் பலரும் நேராகப் போவது பழைய உதிரிபாகச் சந்தையான சிவாஜிநகர் குஜிரிக்கோ ஜே.சி. ரோடுக்கோதான். அதே மாடலின் டர்போ இல்லாத ‘சாதா’ ஹாஃப் இன்ஜின் (ஹெட் இல்லாத கீழ்ப்பாதி) அங்கே மலிவாகக் கிடைக்கும். “போல்ட் துளை எல்லாம் ஒண்ணுதான் சார், அப்படியே உட்காரும்” என்பார் கடைக்காரர். உட்காரலாம். பூஸ்டை, அதாவது டர்போ அழுத்தித் தள்ளும் கூடுதல் காற்றை, தாங்குமா என்பதுதான் கேள்வி.

முதலில், இரண்டும் ஒரே குடும்பத்து இன்ஜின்தானா என்று பாருங்கள். மாருதி ஃப்ரான்க்ஸில் 1.2 லிட்டர் நாலு சிலிண்டர், 1.0 டர்போ மூணு சிலிண்டர், பேச்சே இல்லை. டியாகோவும் நெக்ஸான் டர்போவும் 1199 சி.சி., மூணு சிலிண்டர் என்பதால் அங்கே ஆசை வரும். சி.சி.யை மட்டும் நம்பாமல், பிளாக்கில் வார்த்திருக்கும் காஸ்டிங் எண், கிராங்க் ஜர்னல் (கிராங்க் தண்டு பேரிங்கில் சுழலும் பகுதி) அளவு, பிஸ்டன் பின் விட்டம், கிராங்க் சென்சார் சக்கரத்தின் பல் எண்ணிக்கை நான்கையும் ஒப்பிடுங்கள். நாக் (பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடித்து இன்ஜினைத் தட்டுவது) வந்தால் உணரும் நாக் சென்சார் மாட்டும் இடம் பழைய பிளாக்கில் இருந்த அதே இடமா என்பதையும் பாருங்கள்.

சாதா பிளாக்கை உடைப்பது பெரும்பாலும் கம்ப்ரெஷன்தான், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது. ஒரு சிலிண்டர் 400 சி.சி., போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 77 மி.மீ. என்று வையுங்கள். சாதா இன்ஜினின் கம்ப்ரெஷன் விகிதம் 10.8 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் அதற்கு மேலே மிஞ்சும் இடம் 40.8 சி.சி.; டர்போவுக்கு 9.5 என்றால் 47 சி.சி. வேண்டும். இந்த 6 சி.சி. சொச்சத்தைத் தடித்த ஹெட் கேஸ்கெட்டில் எடுத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கேஸ்கெட்டை ஒரு மி.மீ. முழுதாகத் தடித்தாலும் 4.7 சி.சி.தான் கூடும், விகிதம் 9.8-இல் நிற்கும். பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையே இருக்க வேண்டிய நெருக்கமும் போய், நாக் இன்னும் அதிகமாகும். ஆகவே குழிந்த தலையுள்ள டர்போ பிஸ்டனையும் அதற்குரிய கனெக்டிங் ராடையும் போடுங்கள். வேறு குறுக்கு வழி கிடையாது.

பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கட்டாயம் அளக்க வேண்டும். 77 மி.மீ. போருக்கு மேல் ரிங்கில் சாதா இன்ஜினுக்கு 0.30 மி.மீ. அளவில் போதும், டர்போவுக்கு 0.40-ஐத் தாண்ட வேண்டும். குறைவாக விட்டால் சூட்டில் ரிங் முனைகள் முட்டிக்கொண்டு பிஸ்டனின் ரிங் லேண்டை (ரிங் காடிகளுக்கு இடையிலுள்ள வரம்பை) பெயர்க்கும். பிறகு பழி டியூனிங் மேல் விழும்.

அடுத்தது ஆயில். டர்போ பிளாக்குகள் பலவற்றில் பிஸ்டனின் அடியில் ஆயில் பீய்ச்சும் ஜெட் இருக்கும். சில சாதா பிளாக்குகளில் அதற்கான மேடு வார்ப்பிலேயே இருந்தும் துளை போடாமல் விட்டிருப்பார்கள். லேத் பட்டறையில் துளைக்கலாம், ஆனால் கிராங்க் உட்பட எல்லாம் கழற்றிய வெறும் பிளாக்கில் மட்டும். பூட்டிய இன்ஜினில் துளைத்தால் இரும்புத் தூள் பேரிங்கைத் தின்றுவிடும். ஜெட் சேர்த்தால் டர்போ இன்ஜினின் ஆயில் பம்ப்பும் வேண்டும். பழைய பம்ப்பில் ஐடிலில் பிரஷர் விழும். டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாய் உள்விட்டம் சுமார் 16 மி.மீ. இருக்கட்டும். எங்கும் மேலேறாமல் சரிந்தே இறங்கி, சம்ப்பில் (இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியில்) ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். இல்லையென்றால் ஆயில் சீல் வழியாகக் கசிந்து சைலன்ஸரில் நீலப் புகை வரும். டர்போவே போய்விட்டது என்று நினைத்துப் புதிது வாங்கியவர்கள் உண்டு!

தலைகீழாக, சாதா வண்டிக்கு டர்போ பிளாக் போடுவது பெரும்பாலும் ஆபத்தில்லாத வேலை. டர்போ ஆயில், கூலன்ட் துளைகளைப் பிளக் போட்டு மூடினால் ஓடும். ஆனால் கம்ப்ரெஷன் குறைவதால் கணக்குப்படி சுமார் 3 சதவீதத் திறன் போகும். ஏற்றத்தில் சோம்பல் தெரியும்.

பூட்டும்போது பிளாக்கின் மேல் முகத்தில் நேர்க்கோல் வைத்து ஃபீலர் கேஜால் பாருங்கள்: 0.05 மி.மீ. கத்தி நுழைந்தால் முகம் தேய்க்கக் கொடுங்கள். ஹெட் போல்ட் புதிதாகவே இருக்கட்டும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டர்போவின் ஆயில் நுழைவாயிலில் சிரிஞ்சால் ஆயில் விட்டு, இன்ஜெக்டர் ஃபியூஸைக் கழற்றி, பிரஷர் காட்டும்வரை விட்டுவிட்டுச் சுழற்றுங்கள். பெட்ரோல் எரிவதையும் ஸ்பார்க்கையும் தீர்மானிக்கும் ஈசியு டர்போ வண்டியுடையதாகவே இருக்க வேண்டும்.

கம்ப்ரெஷன் டெஸ்டில் அளவு குறைகிறதே என்று பதற வேண்டாம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். சென்னையில் 12 பார் காட்டும் இன்ஜின் இங்கே 11-க்குக் கொஞ்சம் கீழே காட்டும். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

காகித வேலை மறந்துபோகும். இன்ஜின் எண் பிளாக்கில் இருப்பதால் பிளாக் மாறினால் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் மாற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு இதற்குப் பொருந்தும். பூட்டும் முன்பே ஆர்.டி.ஓ.வில் விசாரியுங்கள். பில்லும் அந்த பிளாக்கைக் கழற்றிய வண்டியின் ஆர்.சி. நகலும் தராத கடையில் பிளாக் வாங்காதீர்கள். எண் சுரண்டிய பிளாக் என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் தொடாதீர்கள்.

முதல் 500 கிலோமீட்டருக்குப் பூஸ்டை மிதமாக வையுங்கள். பிறகு ஆயிலை இறக்கி, ஃபில்டரை வெட்டிப் பிரித்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பூச்சு இயல்பு. மினுங்கும் செதில்கள் இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்தி சம்ப்பைத் திறந்து பேரிங் ஷெல்லைப் பாருங்கள்.