உயில், பவர், நாமினி: ஒன்றை மற்றொன்றாக எண்ணிச் செய்யும் தவறுகள்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் வருங்கால வைப்பு நிதிப் படிவத்தில் யாரை நாமினியாக எழுதினோம் என்பதைப் பலர் ஓய்வு பெறும் வரை திரும்பிப் பார்ப்பதில்லை. குடும்பம் இல்லாத காலத்தில் தம்பியையோ நண்பரையோ குறிப்பிட்டிருந்தால், திருமணமாகிக் குடும்பம் அமைந்ததும் அந்த நியமனம் 1952ஆம் ஆண்டுத் திட்ட விதிகளின்படி செல்லாததாகிவிடும். வீட்டிலிருந்தபடியே இணையவழியில் முடிக்கக்கூடிய இந்த மாற்றத்தைத் தள்ளிப்போட்டால், கணவரை இழந்த மனைவி சான்றிதழ்களுடன் அலுவலகம் அலுவலகமாக அலைய நேரிடும்.

நாமினியே சொத்துக்கு உரிமையாளர் என்று நம்புவது இதைவிடப் பெரிய தவறு. வங்கி வைப்புத் தொகையைப் பெற்றுக்கொள்ளும் அதிகாரமே நாமினிக்கு உண்டு. தொகை யாருக்குச் சேரும் என்பதை உயில் தீர்மானிக்கும், உயில் இல்லையென்றால் வாரிசுரிமைச் சட்டம் தீர்மானிக்கும். நிறுவனப் பங்குகளின் நாமினியும் முழு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது. மூன்று பிள்ளைகள் இருக்க, ஊரில் உடன் இருக்கிறான் என்பதற்காக மூத்தவன் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போகும் தந்தை, தம்மையறியாமலேயே ஒரு வழக்கை விட்டுச் செல்கிறார். ஆயுள் காப்பீட்டின் நிலை சற்று வேறு: பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோர் நாமினியாக இருந்தால் பயனுரிமையும் அவர்களுக்கே என்று 2015ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது.

தம் சார்பில் செயல்பட மற்றொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பவர் பத்திரம் குறித்த தவறான எண்ணமே எனக்கு மிகுந்த கவலை தருகிறது. அப்பாவுக்கு மறதி தொடங்கியிருக்கிறது, இப்போதே ஒரு பவர் எழுதி வாங்கிவிட்டால் பிற்காலத்தில் எல்லாவற்றையும் மகள் பார்த்துக்கொள்வாள் என்று குடும்பத்தினர் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலும் சித்த சுவாதீனம் இழந்தாலும் முகவரின் அதிகாரம் பொதுவாக முடிவுக்கு வந்துவிடுகிறது. எந்த நாளுக்காக அதை எழுதினார்களோ அந்த நாளில் அது உதவாது. உணர்விழந்து படுத்திருப்பவரின் சொத்தை நிர்வகிக்க உயர் நீதிமன்றத்தை அணுகிக் காப்பாளர் நியமனம் பெற வேண்டியிருக்கும். கேரள உயர் நீதிமன்றம் 2019இல் இதற்கென வழிமுறைகளையே வகுத்தது. மருத்துவச் செலவுக்கான பணத்தையாவது, தெளிவாக இருக்கும்போதே துணைவருடன் கூட்டுக் கணக்கில் வைத்திருப்பது நல்லது. பவர் பத்திரத்தை நம்பி மனை வாங்குவதும் தவறே. அதனால் மட்டும் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவுபடுத்திவிட்டது.

பிள்ளைகள் மீதுள்ள பாசத்தால் குடியிருக்கும் வீட்டையே செட்டில்மெண்ட், அதாவது வாழும்போதே உரிமையை மாற்றிக் கொடுக்கும் பத்திரம், எழுதிக் கொடுப்பவர்கள், தங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்க வேண்டும். மூத்த குடிமக்களுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்கீழ் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரும்போது, அந்த ஒரு வரிதான் பெரிய துணையாக இருக்கும்.

இனி உயில். அதற்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. பதிவு செய்த பழைய உயில், பின்னர் முறையாக எழுதிய பதிவில்லாத உயிலை வெல்லும் என்று எண்ணுவது தவறு. இறுதியாக எழுதியதே செல்லும். பூர்வீகச் சொத்து முழுவதையும் தந்தை தம் விருப்பப்படி எழுதிவிட முடியாது. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் அவருடைய பங்கை மட்டுமே அவர் எழுதலாம், மகள்களுக்கும் அதில் பிறப்புரிமை உண்டு. கையெழுத்திட்ட பிறகு பேனாவால் அடித்துத் திருத்தினால், அந்தத் திருத்தத்துக்கும் கையெழுத்தும் இரு சாட்சிகளும் வேண்டும்.

சாட்சிகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். குறைந்தது இருவர் தேவை. கிறிஸ்தவர்களின் உயிலில், சாட்சிக்கோ சாட்சியின் துணைவருக்கோ எழுதிய சொத்து அவர்களுக்குச் சேராது. இந்துக்களுக்கு இந்தத் தடை இல்லையெனினும், பயன் பெறுபவரே சாட்சியாக இருப்பது நீதிமன்றத்தில் சந்தேகத்துக்கு இடம் தரும். உயிலை நிரூபிக்கும்போது சாட்சிகளில் ஒருவரேனும் உயிருடன் இருந்தால் அவரை விசாரிக்க வேண்டும் என்பதால், எழுதுபவரைவிட வயதில் இளையவர்களாக, முகவரி தெரிந்தவர்களாக, உயிலில் பங்கில்லாதவர்களாகப் பார்த்து இருவரை அழைப்பது நல்லது.