‘எனிஒன்’: யாராவதா, யாருமா, யார் வேண்டுமானாலுமா?

தமிழில் ‘யாராவது’, ‘யாரும்’, ‘யார் வேண்டுமானாலும்’ என்று மூன்றாகப் பிரித்துச் சொல்வதை ஆங்கிலம் ‘எனிஒன்’ என்ற ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறது. அதனால் இதற்கு ஒற்றை அர்த்தம் மனப்பாடம் செய்து பிரயோஜனமில்லை. வாக்கியம் கேள்வியா, மறுப்பா, சாதாரணமாகச் சொல்வதா என்று பாருங்கள், அர்த்தம் பிடிபட்டுவிடும். ‘எனிபடி’க்கும் இதே கணக்குதான். பேச்சில் கொஞ்சம் கூடுதலாகப் புழங்கும், அவ்வளவே.

படி 1: கேள்வி

‘டிட் எனிஒன் கால்?’ என்றால் யாராவது போன் பண்ணினாங்களா? ‘இஃப்’ வந்தாலும் ‘யாராவது’தான்: ‘இஃப் எனிஒன் கால்ஸ்...’. அந்த ‘கால்ஸ்’ஸின் கடைசி ‘ஸ்’ முக்கியம். எனிஒன்னுக்கு ஒருமை வினைதான் வரும். ஆகவே ‘டூ எனிஒன் நோ’ கிடையாது, ‘டஸ் எனிஒன் நோ’.

‘டிட் சம்ஒன் கால்?’ என்று கேட்பதும் சரிதான். ஆனால் யாரோ கூப்பிட்டிருப்பார்கள் என்று உங்களுக்கே ஓர் எதிர்பார்ப்பு இருக்கும்போது அப்படிக் கேட்பார்கள்.

படி 2: மறுப்பு (மெதுவாகப் படியுங்கள்)

‘ஐ டிடின்ட் ஸீ எனிஒன்.’ நான் யாரையும் பார்க்கவில்லை. இதுவரை சிக்கலில்லை. இப்போது ‘யாரும் வரவில்லை’ என்பதைச் சொல்லிப் பாருங்கள். வாயில் முதலில் வருவது ‘எனிஒன் டிடின்ட் கம்’. இது தவறு.

காரணம் நம் வாக்கிய அமைப்பு. தமிழில் ‘யாரும்’ முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டு, கடைசியில் வரப்போகும் ‘இல்லை’க்காகக் காத்திருக்கும். ஆங்கிலத்தில் மறுப்பு முந்திக்கொள்ள வேண்டும். எனிஒன் அதற்குப் பின்னால்தான் வரலாம். எனிஒன்னே எழுவாயாகி வாக்கியத்தின் தலையில் நின்றால் ‘டிடின்ட்’ அதற்கு முன்னால் வர வழியில்லை. அதனால்தான் இரண்டையும் சேர்த்து ‘நோ ஒன் கேம்’. அதோடு நிறுத்துங்கள். ‘நோ ஒன் டிடின்ட் கம்’ என்று இன்னொரு மறுப்பையும் சேர்த்தால், வராதவர் யாருமில்லை என்று அர்த்தமே தலைகீழாகிவிடும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: எழுதிய வாக்கியத்தில் எனிஒன் மேல் விரலை வைத்து அதற்கு இடப்பக்கம் பாருங்கள். ‘நாட்’, ‘நெவர்’ இருந்தால் சரி. ‘வித்அவுட்’, ‘ஹார்ட்லி’ இரண்டும்கூட மறுப்புக் கணக்கில்தான் சேரும். ‘ஷி லெஃப்ட் வித்அவுட் டெல்லிங் எனிஒன்’: யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டாள். ‘ஹார்ட்லி எனிஒன் கேம்’: அநேகமாக யாருமே வரவில்லை. இங்கே எனிஒன் எழுவாய்தான், ஆனால் ஹார்ட்லி முன்னால் நிற்பதால் தப்பித்தது.

படி 3: கேள்வியும் இல்லை, மறுப்பும் இல்லை

‘எனிஒன் கேன் ஜாயின்.’ யார் வேண்டுமானாலும் சேரலாம். பக்கத்தில் பெரும்பாலும் ‘கேன்’, ‘குட்’ மாதிரி ஏதாவது இருக்கும். ‘நேற்று யாரோ வந்தார்’ என்று நடந்ததைச் சொல்ல எனிஒன் உதவாது; ‘சம்ஒன் கேம் யெஸ்டர்டே’தான்.

எனக்கு மிகவும் பிடித்த ஜோடி இது. ‘ஹி டசின்ட் லெண்ட் மணி டு எனிஒன்’ என்றால் அவர் யாருக்குமே கடன் கொடுக்க மாட்டார். நடுவில் ஒரு ‘ஜஸ்ட்’ போட்டு ‘டு ஜஸ்ட் எனிஒன்’ என்றால், கண்டவனுக்கெல்லாம் கொடுக்க மாட்டார். ஆள் பார்த்துக் கொடுப்பார். கடன் கேட்கப் போகிறவர் கவனிக்க வேண்டிய ‘ஜஸ்ட்’!

படி 4: சேர்த்தா, பிரித்தா?

பின்னால் ‘ஆஃப்’ வந்தால் பிரித்து எழுதுங்கள்: ‘எனி ஒன் ஆஃப் தீஸ் புக்ஸ்’. சேர்த்து எழுதினால் மனிதர்களை மட்டுமே குறிக்கும்.

படி 5: ‘தே’ போடலாமா?

‘இஃப் எனிஒன் கால்ஸ், டெல் தெம் ஐ ஆம் அவுட்.’ வினை ஒருமை, பிறகு எப்படி ‘தெம்’ என்று கேட்பீர்கள். ஆணா பெண்ணா தெரியாத ஒருவரை நாம் ‘அவர்’ என்பதில்லையா? ஒருமைக்கு ‘தே’ போடுவது ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. ஆய்வுக் கட்டுரை எழுதுவோர் பின்பற்றும் ஏபிஏ நடைக் கையேட்டின் 7ஆம் பதிப்பும் 2019இல் இதை ஏற்றுக்கொண்டது. ‘ஹிம் ஆர் ஹெர்’ என்று இழுப்பது எனக்குப் பிடிக்காது.

பழகுவதற்கு மொழிபெயர்ப்பு ஆப்பை நம்ப வேண்டாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆக்ஸ்போர்டு லேர்னர்ஸ் அகராதியில் எடுத்துக்காட்டு வாக்கியங்களை மட்டும் வாய்விட்டுப் படித்தாலே போதும்.

பின்சேர்க்கை: ‘வேறு யாராவது’வுக்கு ‘அதர் எனிஒன்’ வருமா என்று கமெண்டில் கேட்டிருந்தார்கள். வராது, ‘எனிஒன் எல்ஸ்’. அடைமொழியும் இப்படிப் பின்னால்தான் வரும்: ‘எனிஒன் நியூ’. ஒப்பிடும்போதும் இந்த ‘எல்ஸ்’ தேவைப்படும். வகுப்பிலேயே அவள்தான் உயரம் என்பதற்கு ‘டாலர் தேன் எனிஒன் எல்ஸ் இன் த கிளாஸ்’ என்று எழுதுங்கள். அதை விட்டுவிட்டால், அவளும் அந்த வகுப்புதானே, அவளை விடவும் அவளே உயரமா என்று திருத்துகிற ஆசிரியர் கேட்பார்.