வகுப்பறைக்குச் செடி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நர்சரியில் பூத்துக் குலுங்கும் செடியைக் கண்டதும் வாங்கிவிடுவதுதான் முதல் தவறு. ரோஜா, செம்பருத்தி, துளசி ஆகியவற்றுக்குப் பல மணி நேர நேரடி வெயில் வேண்டும்; கம்பி போட்ட சன்னல் வழியே வரும் வெளிச்சம் நம் கண்ணுக்குத் தாராளமாகத் தெரிந்தாலும் அவற்றுக்குப் போதாது. எனவே, காலையிலும் பிற்பகலிலும் வகுப்பறைக்குள் வெயில் எதுவரை விழுகிறது என்பதைப் பார்த்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். வெயில் படும் சன்னலுக்குக் கற்றாழையும் கற்பூரவல்லியும் பொருந்தும். வெளிச்சம் மட்டும் வரும் இடத்துக்கு மணி பிளான்ட், ஸ்பைடர் பிளான்ட், ஸ்நேக் பிளான்ட் என்று விற்கப்படும் மருள் வகைச் செடி ஆகியவை போதும்.

வகுப்பறைச் செடிகள் பெரும்பாலும் நீரில்லாமல் வாடுவதில்லை. நீர் மிகுந்தே அழுகுகின்றன. எங்கள் வகுப்பில் பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பும்போது பாட்டிலில் மிஞ்சிய தண்ணீரை ஆளுக்கொரு மூடி ஆசையாக ஊற்றிவந்தார்கள். ஒரு நாள் மருள் இலையைத் தொட்டபோது, அது வெந்த கத்தரிக்காய்போல் அடியில் குழைந்து கையோடு வந்துவிட்டது. அதன்பின் வாரத்துக்கு ஒருவர் என்று பொறுப்பைப் பிரித்தோம். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் ஒட்டாவிட்டால் மட்டுமே ஊற்ற வேண்டும் என்பது விதி.

அடியில் துளையில்லாத அழகுத் தொட்டியை வாங்கவே கூடாது. துளையுள்ள தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டிலும் கவனம் தேவை. அதில் தேங்கும் நீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வளரும். வெப்பமான நாள்களில் முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ ஒரு வாரமே போதும். தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், நீரைக் கொட்டுவதோடு நிற்காமல் தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

சிறு பிள்ளைகளின் வகுப்பில் டிஃபன்பாக்கியா என்ற அழகு இலைச் செடி வேண்டாம். அதன் இலையிலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள், கடித்தவுடன் வாயை எரியச் செய்து நாக்கை வீங்க வைக்கும். மணி பிளான்டிலும் இவை உண்டு. அதைக் கைக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடலாம். அரளியை வகுப்பறைப் பக்கமே கொண்டுவரக் கூடாது.

கோடை விடுமுறையை மறந்துவிட்டுச் செடி வாங்குவோர் பலர். இலையிலும் கிழங்கு போன்ற தண்டிலும் நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் மருள், மே மாதம் முழுவதும் பூட்டிய அறையில் தாக்குப்பிடிக்கும்; மற்றவற்றைக் கடைசி வேலை நாளன்று பிள்ளைகளிடம் ஆளுக்கொன்றாகக் கொடுத்தனுப்புகிறோம்.