புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சான்றிதழ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் இளைஞர்கள் இருவர் சேலம் ஐந்து ரோட்டிலுள்ள என் அலுவலகத்துக்கு வந்து, தாங்கள் தயாரித்த எக்செல் தாள் ஒன்றைக் காட்டினார்கள். சங்ககிரிப் பக்கம் ஒரு சூரிய மின் நிலையம். ஜனவரி முதல் மார்ச் வரை அது உற்பத்தி செய்த மின்சாரம் ஒரு பத்தியில் ஆர்.இ.சி. (நம் நாட்டுப் புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சான்றிதழ்) என்றும், நான்கு பத்தி தள்ளி ஐ-ரெக் (அதன் பன்னாட்டு வகை) என்றும் இரண்டு வருமானமாக வரவு வைக்கப்பட்டிருந்தது. தாளை மூடிவிட்டு அவர்களுக்குத் தேநீர் சொல்லி அனுப்பினேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறின் நெருங்கிய உறவினர் அந்தத் தாளில் உட்கார்ந்திருந்தார்.

கடவுச்சொல்லைத் தொலைப்பது, மீட்டர் எண்ணைத் தப்பாக அடிப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை ஒரு முறை பட்டால் தாமே திருந்திவிடும்.

ஒரே யூனிட்டை இரண்டு முறை விற்பது

ஒரு சான்றிதழ் என்பது ஒரு மெகாவாட்-மணி, அதாவது நம் ஊர்க் கணக்கில் ஆயிரம் யூனிட். மின்சாரம் கம்பியில் கலந்து போய்விடுகிறது. அது காற்றிலிருந்தோ வெயிலிலிருந்தோ பிறந்தது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை மட்டும் தனியே பிரிந்து சான்றிதழாகிறது. இந்தியாவில் ஆர்.இ.சி. முறைக்கான விதிகளை மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2010-இல் வகுத்தது. பதிவேட்டைத் தேசிய மின்சுமை பகிர்வு மையம் நடத்துகிறது. விற்பனை மின் சந்தைகளில் நடக்கிறது. ஐ-ரெக் அதற்கு முற்றிலும் வெளியே, தனிப் பதிவேட்டில் இயங்கும் பன்னாட்டு ஏற்பாடு. ஒன்றில் பதிந்த யூனிட்டை மற்றொன்று தானாகக் கண்டுபிடித்துத் தடுத்துவிடும் என்று நம்ப வேண்டாம். இதே யூனிட்டுக்கு வேறெங்கும் சான்றிதழ் பெறவில்லை என்று உறுதிமொழியில் கையெழுத்திடுபவர் நிலையத்தின் உரிமையாளர்தான். பின்னால் தெரியவரும்போது மாட்டிக்கொள்பவரும் அவர்தான்.

என் தவறு இதைவிட நுட்பமானது. 2019-இல் சேலத்தை அடுத்த ஒரு ஜவுளி ஆலைக்கு நான் ஆலோசகனாக இருந்தேன். ஆலைக்கு உடுமலைப்பேட்டைப் பக்கம் சொந்தக் காற்றாலைகள் இருந்தன. சலுகைக் கட்டணத்தில் வீலிங்கும் (வாரியத்தின் கம்பி வழியே மின்சாரத்தை ஆலைக்குக் கொண்டுவருவது) அதனுடன் பேங்கிங்கும் (மிஞ்சிய யூனிட்டை வாரியத்தின் கணக்கில் சேர்த்துவைத்துப் பின்னால் எடுப்பது) பெற்று அந்த மின்சாரத்தை ஆலையிலேயே பயன்படுத்தியதால், நம் நாட்டு ஆர்.இ.சி. அவர்களுக்குக் கிடைக்காது என்று நான்தான் சொன்னேன். ஐ-ரெக் கிடைக்கும் என்றும் நான்தான் சொன்னேன். முந்தைய ஆண்டு உற்பத்திக்குச் சான்றிதழ் வாங்கி, ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு விற்றோம். எதிர்பாராமல் வந்த பணம் என்பதால் முதலாளிக்கு மகிழ்ச்சி.

அதே ஆண்டு, ஆலையிலிருந்து துணி வாங்கும் ஐரோப்பிய நிறுவனம் அந்த முந்தைய ஆண்டைப் பற்றி ஒரு கேள்விப் பட்டியல் அனுப்பியது. "உங்கள் மின்சாரத்தில் எத்தனை விழுக்காடு புதுப்பிக்கத்தக்கது?" என்ற கேள்விக்கு, காற்றாலை யூனிட் எவ்வளவு ஆலைக்குக் கழிந்தது என்று மின் வாரியம் தரும் அலாட்மெண்ட் ஸ்டேட்மெண்டைப் பார்த்து, காற்றாலை யூனிட்டுகளைக் கூட்டி, அறுபத்தெட்டு என்று நிரப்பினேன். விற்பனை ஒப்பந்தத்தை எழுதியதும் நான், அந்தப் பட்டியலை நிரப்பியதும் நான். இரண்டு கோப்புகளும் ஒரே மேசையில் கிடந்தன. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

மூன்று மாதம் கழித்துத் தணிக்கையாளர் வந்தார். மின் கட்டண ரசீதுகளைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து, ஐ-ரெக் பதிவேட்டில் இந்தக் காற்றாலைகள் பதிவாகியிருப்பதைக் காட்டி, "ஆலையின் பெயரில் ரிடீம் செய்த அறிக்கை எங்கே?" என்று மட்டும் கேட்டார். ரிடீம் என்பது, சான்றிதழை ஒருவர் பெயரில் பயன்படுத்தி முடித்ததாகப் பதிவேட்டில் தீர்த்துவிடுவது. அப்படி ஓர் அறிக்கை இருக்க வழியில்லை. சான்றிதழ்கள் மென்பொருள் நிறுவனத்தின் பெயரில் ரிடீம் ஆகி முடிந்திருந்தன. ரிடீம் ஆனதைத் திருப்ப முடியாது.

முதலாளி என்னைத் தனியே அழைத்து, "காத்தாடி என்னுது, யூனிட்டு என் பில்லுல கழியுது. நான் வித்தது காயிதம்தானே தம்பி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மாமரத்தில் பூ எடுக்கும்போதே தோப்பைக் குத்தகைக்கு விடுகிறவர் அவர். ஆகவே அந்த வழியிலேயே சொன்னேன். தோப்பும் மரமும் நிழலும் உங்களுடையவை. ஆனால் குத்தகைப் பணத்தை வாங்கிய பிறகு காயைப் பறித்து, நம் தோப்புக் காய் என்று சந்தையில் விற்க முடியாது. அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதை விக்கறதுக்கு முன்னால சொல்லியிருக்கலாமே" என்றார்.

அந்த ஆண்டு உற்பத்திக்கான சான்றிதழ்களை வெளியில் தேடி, விற்ற விலையைப் போல மூன்று மடங்குக்கு மேல் கொடுத்து வாங்கி, ஆலையின் பெயரில் ரிடீம் செய்தோம். 'காற்றாலை மின்சாரத்தில் நெய்தது' என்று அச்சடித்த அட்டைகள் கட்டுக்கட்டாகக் குடோனில் முடங்கின. என் ஆலோசனைக் கட்டணத்தை நான் வாங்கவில்லை.

இந்தத் தவறு ஏன் மீண்டும் மீண்டும் நடக்கிறதென்றால், சான்றிதழை விற்பதால் மின் ரசீதில் ஓர் எண்கூட மாறுவதில்லை. யூனிட் முன்போலவே கழிகிறது, காற்றாலை முன்போலவே சுற்றுகிறது. ஆகவே ரசீதையோ அலாட்மெண்ட் ஸ்டேட்மெண்டையோ சான்றாக வைத்துப் பசுமைக் கணக்கு எழுதவே கூடாது. சான்றிதழ் விற்ற யூனிட்டுகளை ஆலையின் உமிழ்வுக் கணக்கில் எல்லா நிலையங்களிலிருந்தும் கலந்து வரும் சாதாரணத் தொகுப்பு மின்சாரமாகவே சேர்த்து, மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் உமிழ்வுக் காரணியால் (ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கரியமில வாயு என்ற எண்) பெருக்க வேண்டும். நிலம் வாங்குமுன் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதுபோல, பசுமை என்று எழுதுமுன் ஒவ்வொரு காற்றாலைக்கும், ஒவ்வொரு மாதத்துக்கும், அந்த யூனிட்டின் உரிமை யாரிடம் இருக்கிறது என்று பதிவேட்டில் பார்க்கிறேன்.

எல்லைக்கு வெளியே வாங்குவது

ஐரோப்பாவின் இதே வகைச் சான்றிதழான ஜி.ஓ. மலிவாகக் கிடைக்கிறது என்று அதை வாங்கிச் சேலத்து ஆலையின் கணக்கில் வைக்க முடியாது. நிறுவனங்கள் உமிழ்வுக் கணக்கு எழுதப் பின்பற்றும் ஜி.எச்.ஜி. புரோட்டோகால் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, மின்சாரம் செலவான சந்தையும் சான்றிதழ் பிறந்த சந்தையும் ஒன்றாக இருக்க வேண்டும். அமெரிக்கா ஒரே நாடுதான் என்றாலும் பதிவேடு ஒன்றல்ல, எம்-ரெட்ஸ், பி.ஜே.எம். காட்ஸ் என்று வட்டாரத்துக்கு ஒன்றாக இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதற்கு இரண்டு பதிவேடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் அழிந்த பிறகே மறுபக்கம் பிறக்க வேண்டும். எல்லைகள் நகரவும் செய்யும்: பிரிட்டன் வெளியேறியபின், 2021 தொடக்கத்திலிருந்து அதன் சான்றிதழ்களை ஐரோப்பிய ஒன்றியம் ஏற்பதில்லை, 2023 ஏப்ரலிலிருந்து ஐரோப்பியச் சான்றிதழ்களைப் பிரிட்டனும் ஏற்பதில்லை.

வாங்கியதோடு நின்றுவிடுவது

கணக்கில் சும்மா கிடக்கும் சான்றிதழ் எதையும் நிரூபிப்பதில்லை, ரிடீம் செய்யுங்கள்.

ஆடிக் காற்றை மாசியில் கணக்கிடுவது

தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் பெரும்பகுதி உற்பத்தி மே முதல் செப்டம்பர் வரை வந்துவிடுகிறது. பழைய காற்றாலைகளுக்கு அதை வாரியத்தில் பேங்கிங் செய்து, ஏப்ரல் தொடங்கி மார்ச் வரையிலான ஆண்டுக்குள் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே ஆடியில் உற்பத்தியான யூனிட், ரசீதில் பிப்ரவரியில் கழியும். சான்றிதழிலோ உற்பத்தியான மாதமே இருக்கும். வெளிநாட்டு நிறுவனம் ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்குக் கேட்கும்போது, பிப்ரவரி ரசீதை வைத்து அந்த ஆண்டின் சான்றிதழைத் தேடினால் எண்கள் பொருந்தவே மாட்டா. உற்பத்தி மாதத்தைத் தனிப் பத்தியாகவும் செலவு மாதத்தைத் தனிப் பத்தியாகவும் வைத்தால் பாதித் தலைவலி தீரும்.

காலக்கெடு

ஆர்.இ.சி.க்கு, உற்பத்தியான மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 2022 விதிகளின்படி வழங்கப்பட்ட சான்றிதழ் காலாவதியாவதில்லை என்பதைக் கேட்டுவிட்டுச் சிலர் விண்ணப்பத்துக்கும் கெடு இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

"எங்களுக்கு மேட்டூர் கரண்ட்"

சேலத்தில் இதைக் கேட்காத மாதமில்லை. அணையிலிருந்து வரும் மின்சாரம், ஆகவே பசுமையானது, சான்றிதழ் எதற்கு என்பது அதன் பொருள். மேட்டூரில் அணை மட்டுமல்ல, 1440 மெகாவாட் அனல் மின் நிலையமும் இருக்கிறது.