கருத்துத் திருட்டு இல்லாத ஆய்வேடு: குறிப்பெடுக்கும்போதே கவனிக்க வேண்டியவை

ஆய்வேடு கொடுக்க இரண்டு வாரம் இருக்கும்போது கருத்துத் திருட்டைச் சோதிக்கும் சாஃப்ட்வேரில் போட்டுப் பார்த்து, பிறர் எழுத்தோடு 34 சதவீதம் ஒத்துப்போகிறது என்று வந்ததும் வார்த்தைகளை மாற்ற உட்காருவதுதான் பலரின் வழக்கம். தவறு அன்றைக்கு நடந்ததில்லை. யாரோ எழுதிய பத்தியை ஆதாரம் குறிக்காமல் குறிப்பேட்டில் இறக்கிய நாளிலேயே நடந்துவிட்டது.

அதனால் குறிப்பெடுக்கும்போது முதல் வரியிலேயே ஆசிரியர், ஆண்டு, பக்க எண் மூன்றையும் எழுதிவிடுங்கள். அப்படியே எடுத்த வரிகளை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். உங்களுக்குத் தோன்றிய கருத்தை வேறு நிறத்தில் எழுதுங்கள். ஒரு வருடம் கழித்துப் பார்க்கும்போது எது யாருடையது என்று நினைவிலிருந்து பிரிக்கவே முடியாது. ஜோட்டெரோ போன்ற இலவச மென்பொருள் நூல் விவரங்களைச் சேமித்துத் தரும்; பக்க எண்ணை நீங்கள்தான் குறிக்க வேண்டும்.

அதிகம் பேர் சறுக்குவது சொந்த நடையில் எழுதும் இடத்தில். மூலத்தில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "நிலத்தடி நீர்மட்டம் வேகமாகக் குறைவதற்கு ஆழ்துளைக் கிணறுகளின் பெருக்கமும் ஏரிகளின் பராமரிப்பின்மையும் முதன்மைக் காரணங்கள்." இதை "நிலத்தடி நீரின் மட்டம் விரைவாகச் சரிவதற்கு ஆழ்துளைக் கிணறுகள் பெருகியதும் ஏரிகள் பராமரிக்கப்படாததும் முக்கியக் காரணங்கள்" என்று மாற்றினால் அதுவும் திருட்டுதான். வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. மூலத்தை மூடி வைத்துவிட்டு எழுதுங்கள்: "போர்வெல்கள் கூடியதையும் ஏரிகளைக் கவனிக்காமல் விட்டதையும் நீர்மட்டச் சரிவின் பெரிய காரணங்களாக இன்னார் காட்டுகிறார். என் களத்தில் இரண்டாவதே வலுவாகத் தெரிகிறது." இதற்கும் ஆண்டும் பக்கமும் தர வேண்டும். பிறகு மூலத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். ஐந்தாறு சொற்கள் தொடர்ந்து ஒத்துப்போனால் மேற்கோள் குறி போடுங்கள், இல்லையென்றால் மறுபடி எழுதுங்கள்.

ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கி ஆதாரம் சொல்லாமல் சேர்ப்பதும் திருட்டே. சாஃப்ட்வேர் அதைத் தவறவிடலாம். அந்தத் துறையை அறிந்த தேர்வாளர் விடமாட்டார். இன்னொன்று: பாமினி போன்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பை சாஃப்ட்வேர் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் படிக்கும். அதில் வரும் 0 சதவீதத்துக்கு அர்த்தமே இல்லை. யூனிகோடுக்கு மாற்றிய பிறகே சோதியுங்கள்.

ஏஐ கருவி எழுதித் தரும் நூற்பட்டியலை நம்ப வேண்டாம். இல்லாத கட்டுரைகளை இருப்பதுபோலவே அது எழுதும். ஒவ்வொன்றையும் தேடி எடுத்துப் படித்த பிறகே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறைகளே அளவுகோல். 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை போனால் திருத்திக் கொடுக்க வேண்டும், அதிகபட்சம் 6 மாதத்துக்குள். 40 முதல் 60 வரை என்றால் திருத்திய ஆய்வேட்டை ஒரு வருடத்துக்குக் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. நூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, முறையாக ஆதாரம் காட்டிய மேற்கோள்கள், சட்டப் பிரிவுகள், வழக்கமான சமன்பாடுகள் ஆகியவை கணக்கில் சேராது. ரிப்போர்ட் எடுக்கும்போது இவை நீக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

மொத்த எண்ணை மட்டும் பார்ப்பது போதாது. பல மூலங்களிலிருந்து துண்டு துண்டாக 9 சதவீதம் வருவது பெரும்பாலும் துறைச் சொற்களால்தான். ஒரே கட்டுரையிலிருந்து 6 சதவீதம் வந்தால் ஒரு பகுதி அப்படியே இறங்கியிருக்கிறது என்று பொருள். எண் வரம்புக்குள் இருந்தாலும் அதைத் திருத்தியாக வேண்டும். நீங்களே முன்பு வெளியிட்ட கட்டுரையோடு ஒத்துப்போவதையும் சாஃப்ட்வேர் காட்டும். அதை அடிக்குறிப்பில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

வரைவைச் சோதிக்கும் முன், கோப்பைச் சாஃப்ட்வேரின் களஞ்சியத்தில் சேமிக்காத செட்டிங்கைத் தேர்ந்தெடுக்கும்படி நெறியாளரிடமோ நூலகரிடமோ சொல்லுங்கள். வரைவு அங்கே சேமிக்கப்பட்டுவிட்டால், இறுதிப் பிரதியைச் சோதிக்கும்போது உங்கள் எழுத்தோடு உங்கள் எழுத்தே 100 சதவீதத்தை ஒட்டிப் பொருந்தி நிற்கும்.